பழைய பேரில் ஒரு மலர்வளையம்

"கயித்தை இழுத்துப் பிடிங்கடா, கூரை மேல விழுந்து தொலைக்கப் போகுது!" என்று சித்தப்பா பவித்ரன் கத்தி வாய் மூடவில்லை, சிதைக்காக வெட்டிக்கொண்டிருந்த மாமரம் முறிந்து விறகுக் கொட்டகையின் ஓடுகளில் பாதியை நொறுக்கிக்கொண்டு விழுந்தது. உள்ளே கூடத்தில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தே விட்டார்கள். இலைகளுக்குள்ளிருந்து வெளியே வந்த வெட்டுக்காரன் புறங்கையில் வழிந்த ரத்தத்தை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் கோடாலியை எடுத்தான்.

"தென்னைக்கே உயிரைக் குடுத்த மனுஷன். ஒரு தென்னையை வெட்டி எரிச்சா என்ன?" என்று யாரோ கேட்டார்.

"இதை அவர் உயிரோட இருந்தப்ப சொல்லியிருந்தா, உன்னை வெட்டி எரிச்சிருப்பார்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

வாசலில் நின்றிருந்த ஷிம்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா செத்துக் கிடக்கும்போது சிரிப்பு வருகிறதே என்று தன் மீதே வெறுப்பும் வந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முந்தாநாளிலிருந்து அந்தக் கையை அவளால் சும்மா தொங்கவிட முடியவில்லை.

அவள் அப்பா டாக்டர் சாத்துக்குட்டி நோயில் போகவில்லை, வயதாகியும் போகவில்லை. ஒரு பேருக்காகப் போனார். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பதினோரு பேரைச் சேர்த்து அவர் தொடங்கிய தென்னை விஞ்ஞானிகள் சங்கம், போன வருடம் பாக்கு, மிளகு, முந்திரி, கொக்கோ ஆட்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. அதற்கு முதல் கையைத் தூக்கியவரே அவர்தான். "வரட்டும், கட்டுரை வாசிக்கட்டும், மீன்கறி சோறு தின்னுட்டுப் போகட்டும். பேர்ல மட்டும் எவனும் கை வைக்கக் கூடாது" என்றார். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற உலகம். முந்தாநாள் கோழிக்கோட்டில் கூடிய பொதுக்குழுவில், 'தோட்டப்பயிர் விஞ்ஞானிகள் சங்கம்' என்று பேரை மாற்றும் தீர்மானம் வந்தது. நாற்காலிகள் பறந்தன. உலகமெல்லாம் போய்ப் படித்து வந்தவர்கள் சந்தைக் கடைக்காரர்களைப் போலச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தீர்மானம் நிறைவேறியது. மேடையிலிருந்து பின்னால் விழுந்து மண்டை உடைந்த சாத்துக்குட்டி மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் முடிந்து போனார்.

தள்ளிவிட்டது செயலாளர் சஜீவன் என்று ஊரான வடகரை முழுக்கப் பேச்சு. பாக்கு ஆள், நாற்பத்தைந்து வயது, பொதுக்குழுவில் புதுப் பேர் எழுதிய துணிப் பதாகையைக் கையில் வைத்திருந்தவன். யாரோ எடுத்த செல்போன் படத்தில், விழுகிற சாத்துக்குட்டியை நோக்கி அவன் கை நீண்டிருப்பது தெரிந்தது. அவருடைய மறுபக்கம் யார் நின்றார்கள் என்பதைக் கூட்டம் மறைத்துவிட்டது.

மறுபக்கம் நின்றது ஷிம்னா. மிளகு வாடல் நோயில் பத்து வருடம் வேலை பார்த்தவள், போன வருடம்தான் உறுப்பினரானாள். பேர் மாற்றத்துக்கு அவளும் கை தூக்கினாள், அது எல்லோருக்கும் தெரியும். "சின்னப் பொண்ணு, மண்டையைக் கழுவிட்டானுங்க" என்று மன்னித்தும் விட்டார்கள். அதற்கப்புறம் நடந்தது மட்டும் யாருக்கும் தெரியாது. போலீஸ்காரர் கேட்டபோது, "கூட்டத்துல சரியாப் பார்க்கல சார்" என்று சொல்லிவிட்டாள்.

ஏன் சொன்னாள்? பயந்துதான். ஜெயிலுக்கு அல்ல. "எனக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லைன்னு எவனும் வருத்தப்பட வேணாம். என் பொண்ணு கொள்ளி வைப்பா" என்று அப்பா பத்துப் பேர் நடுவில் பல தடவை சொல்லியிருக்கிறார். சித்தப்பாவுக்கு அதில் எரிச்சல். தன் மகனுக்குப் புது வேட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தால் அந்தக் கொள்ளி அவள் கைக்கு வராது. அப்பாவுக்கு அவள் செய்ய மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

பதினொரு மணிக்கு ஹம்சக்கோயா வந்தார். அப்பாவோடு முப்பது வருடம் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர், அந்தப் பதினோரு பேரில் இப்போது உயிரோடு இருக்கிற மூவரில் ஒருவர், எல்லோருக்கும் 'இக்கா', அதாவது அண்ணன். பின்னால் இருபது பேர், ஆளுயர மலர்வளையம். குறுக்கே ஒட்டிய பட்டையில் 'தென்னை விஞ்ஞானிகள் சங்கம்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதைப் பிணத்தின் காலடியில் சாய்த்துவிட்டு அவர் ஷிம்னாவின் தலையில் கை வைத்தார்.

"மோளே, உங்கப்பன் பேரை நாங்க விடல. நேத்து சாயங்காலமே தனியாப் பிரிஞ்சு, பழைய பேரை எங்க பேர்ல பதிவு பண்ண மனுக் குடுத்தாச்சு. அவனுங்க புதுப் பேரை வச்சு நாக்கு வழிக்கட்டும்."

"சரி இக்கா" என்றாள். வேறு என்ன சொல்ல?

"அந்தச் சஜீவன் மட்டும் இந்தப் படி ஏறட்டும், அவன் காலை இங்கயே விட்டுட்டுத்தான் போவான்."

சொன்ன வாய் மூடவில்லை, வெளிக்கதவு பக்கம் கூச்சல் எழுந்தது. சஜீவன்தான். கூட ஒரே ஒரு ஆள். இரண்டு பேரும் சின்ன மலர்வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கொஞ்சமாவது புத்தியுள்ளவன் இன்றைக்கு இங்கே வருவானா? ஆனால் இந்த ஊரில் சாவு வீட்டுக்குச் சங்கம் மலர்வளையம் வைக்காமல் விட்டால், செத்தவனை இரண்டாவது தடவை கொன்ற மாதிரி. செயலாளர் என்றால் வந்துதான் தீர வேண்டும்.

"நிறுத்துங்கடா, அதுல என்ன பேர் போட்டிருக்கான்னு பாரு" என்றார் ஹம்சக்கோயா.

ஒருவன் பட்டையை நிமிர்த்திப் படித்தான். அவன் முகம் கோணிப் போயிற்று. "தென்னை விஞ்ஞானிகள் சங்கம்னு போட்டிருக்கு கோயாக்கா."

"சாருக்குப் பிடிச்ச பேர்லயே வைக்கணும்னு நேத்து செயற்குழு கூடி முடிவு பண்ணோம்" என்றான் சஜீவன். "இன்னிக்கு ஒரு நாள் சண்டை வேணாம் கோயாக்கா."

அவன் நல்லதுக்குத்தான் செய்தான். அதுதான் வினையாய்ப் போயிற்று. புதுப் பேரோடு வந்திருந்தால் நாலு கெட்ட வார்த்தையோடு விரட்டியிருப்பார்கள்.

"பேரைக் கொன்னே, ஆளைக் கொன்னே, இப்ப நாங்க எடுத்துக்கிட்ட பேரையும் திருட வந்தியாடா நாயே?" என்று ஹம்சக்கோயா மலர்வளையத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தார். மூங்கில் சட்டம் உடைந்து தெறித்தது. கூட வந்தவன் தடுக்கப் போக, ஒரு குத்தில் அவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் உடைந்தன. ஓய்வு பெற்ற மண்ணியல் பேராசிரியர் ஒருவர் செருப்பைக் கழற்றிச் சஜீவனின் முகத்தில் அறைந்தார். அவனைக் காலைப் பிடித்து மாமரம் கிடந்த இடம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். இடுப்பில், விலாவில், வயிற்றில் மிதித்தார்கள். வெட்டுக்காரன் பயந்து கீழே போட்ட கோடாலியை ஹம்சக்கோயா எடுத்தார். திருப்பிப் பிடித்துக் காம்பால் அவன் தோளில் ஓங்கிப் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"சொல்லுடா! தள்ளினேன்னு உன் வாயால சொல்லு!"

சஜீவன் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மண்ணில் கன்னம் பதியக் கிடந்தவன் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தான். ஷிம்னாவைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அட பாவி, இவனுக்குத் தெரியும். தெரிந்தும் போலீசிடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். ஹம்சக்கோயா கோடாலிக் காம்பை மறுபடியும் ஓங்கினார். இந்தத் தடவை தலைக்கு.

"அவர் இல்ல!" ஷிம்னா படியிறங்கி ஓடி, குறுக்கே விழுந்து காம்பைப் பிடித்தாள். "அவர் தள்ளல இக்கா. பிடிக்கத்தான் கை நீட்டினார். நான்தான்."

"தள்ளி நில்லு மோளே, உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத்தான் தெரியும்! அப்பா அந்தப் பதாகையைக் கிழிக்கப் பாய்ஞ்சார். நான் அவர் கையைப் பிடிச்சு இழுத்தேன். என் பக்கம் திரும்பி வெறி பிடிச்ச மாதிரித் திமிறினார். விடுடின்னு கத்தினார்." காம்பை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள். "விட்டுட்டேன். அவர் இழுத்த வேகத்துலயே பின்னால போயி விழுந்துட்டார்."

ஹம்சக்கோயா கோடாலியைப் போட்டுவிட்டு விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்தார். தன் கையையும் கீழே கிடந்தவனின் தோளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏண்டா, வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?" என்று கேட்டார்.

சஜீவன் ரத்தத்தைத் துப்பினான். "சார் எப்பவும் சொல்வாரே. பொண்ணுதான் கொள்ளி வைப்பான்னு."

சித்தப்பாவுக்குச் சாக்குக் கிடைத்துவிட்டது. "கேட்டீங்களா எல்லாரும்? பெத்த அப்பனை மேடையிலிருந்து இழுத்துப் போட்டவ! இவ கையால என் அண்ணன் எரியணுமா? நான் உசிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது." திரும்பி மகனைக் கூப்பிட்டார். "டேய், போய் வேட்டியை மாத்து."

அவர் பேச்சு யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் எதிர்த்து ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஹம்சக்கோயா கூடத் தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பாவின் காலில் விழலாமா என்று ஷிம்னா நினைத்தாள். விழுந்திருப்பாள். அதற்குள் கூட்டம் விலகியது.

அம்மா வந்துகொண்டிருந்தாள். நளினி டீச்சர் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும், வகுப்பில் கூடச் சத்தம் போட்டுப் பேசாதவள். முந்தாநாளிலிருந்து தண்ணீர் கூடக் குடிக்காமல், நேற்றிலிருந்து பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் இப்போது முந்தானை மண்ணில் புரள மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"விடுன்னு அவர் சொன்னாரா?"

"ஆமாம்மா."

அம்மா கையை ஓங்கி அறைந்தாள். ஷிம்னாவின் காது அடைத்துப் போயிற்று. மறுபடியும் அறைந்தாள். தடுக்க வந்த பெண்களை முழங்கையால் தள்ளிவிட்டாள்.

"பிறந்ததுலருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் சொன்னதைக் கேட்டிருக்கியாடி நீ? வெளியூர் போய்ப் படிக்காதேன்னார், போனே. தென்னையைப் படின்னார், மிளகைப் படிச்சே. கை தூக்காதேன்னார், தூக்கினே." அம்மா அவள் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "அன்னிக்கு மட்டும் என்னடி? அன்னிக்கு மட்டும் எதுக்குடி கேட்டே?"

ஷிம்னா கையைத் தொங்கவிட்டபடி அடியை வாங்கிக்கொண்டு நின்றாள்.

"பார்த்தீங்களா அண்ணி, அதைத்தான் நானும் சொல்றேன்" என்று சித்தப்பா கிட்டே வந்தார்.

அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். கிணற்றடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். கொள்ளி வைக்கிறவர் தலை முழுகி ஈரத் துணியோடுதான் சிதைக்கு வர வேண்டும். மற்றவர்கள் அது புரிந்து முணுமுணுக்கத் தொடங்குவதற்குள் வாளி கிணற்றில் விழுந்துவிட்டது.

அம்மா கயிற்றை இழுத்தாள். அறுபத்தாறு வயது உடம்பு, இரண்டு நாள் பட்டினி, பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியது. மிச்சத்தை மகளின் தலையில் கொட்டினாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு வாளி. இன்னொன்று. துணி முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டி, முடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கிய பிறகும் நிறுத்தவில்லை.

முன்பக்கத்திலிருந்து யாரோ நேரமாகிறது என்று கூப்பிட்டார்கள். அம்மா வாளியை மறுபடியும் கிணற்றுக்குள் விட்டாள்.