செவ்வாய்க்கு உரிய எண்

ஆடி பிறந்திருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்த காற்று, பகலென்றும் மாலையென்றும் பாராமல் பல்லடத்துச் செம்மண்ணை அள்ளிச் சென்றது. வானம் கருத்தும் பொழியவில்லை. எப்போதாவது ஒரு சாரல், தீர்த்தம் தெளித்ததுபோல் மண்ணைத் தொட்டுவிட்டு நீங்கியது. அம்மன் சன்னிதிகளில் கூழ் வார்க்கும் அம்மாதத்தில், ஏதோ ஒரு பெரிய வருகைக்காக ஊரே அடங்கி நிற்பதுபோல் இருந்தது.

அத்தகைய ஒரு திங்கட்கிழமைக் காலை, அருள்புரத்துச் சாயப்பட்டறை ஒன்றின் கணினி அறையில் பராமரிப்பு மேலாளர் தங்கவேலு பெருமிதத்தோடு நின்றிருந்தார். வால்வுகளையும் மோட்டார்களையும் குறித்த நேரத்தில் இயக்கிவந்த பழைய மென்பொருளுக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. அதன் நாற்பத்தொரு கட்டளை வரிகளையும் ஞாயிறு முழுவதும் அமர்ந்து புதியதற்கு மாற்றியவர் அவரே. அவற்றைச் சரிபார்க்க மென்பொருள் பொறியாளர் ரைசா வந்திருந்தாள்.

"பழசுல ஒரு வரிக்கு அஞ்சு கட்டமுங்க, நிமிசம், மணி, தேதி, மாசம், கிழமைன்னு. புதுசுல ஆறு. முன்னால வினாடிக்கு ஒரு சைபர், தேதி எடத்துல ஒரு கேள்விக்குறி. போட்டதும் ஒத்துக்கிச்சு. ஒரு வரிகூட முரண்டு பண்ணலீங்க" என்றார் தங்கவேலு.

"ஒத்துக்கிட்டா சரின்னு அர்த்தமில்லீங்கண்ணா. எங்க மாமியாருந்தான் எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க."

அவள் எண்களை மட்டும் பார்த்துக் கடக்கவில்லை. செய்யுளைப் பதம் பிரிப்பதுபோல் ஒவ்வொரு வரியையும் பிரித்து, வாய்விட்டுப் பொருள் சொன்னாள். கணக்காகவே தாம் கண்டுவந்தது அவள் நாவில் பேச்சாக மாறுவதைத் தங்கவேலு வியந்து கேட்டுக்கொண்டிருந்தார். பதினேழாம் வரியில் குரல் நின்றது.

"வெந்நீர்த் தொட்டி வால்வு. திங்கக்கிழமை, எட்டரை மணி."

"செவ்வாயுங்க! ரெண்டுன்னு போட்டிருக்குது பாருங்க. ஞாயிறு லீவு, அதனால சைபர். திங்கள் ஒண்ணு, செவ்வாய் ரெண்டு. இத்தன வருசமா இங்க அப்படித்தானுங்க."

"புதுசுக்கு நம்ம லீவு தெரியாதுங்கண்ணா. அதுல ஞாயிறுதான் ஒண்ணு. உங்க ரெண்டு இப்ப திங்கள். இன்னைக்குங்க."

ஞாயிறு முழுவதும் ஆறிக் கிடக்கும் அத்தொட்டிக்குள் திங்கள்தோறும் பட்டறைத் தொழிலாளி கன்னையன் இறங்கி உப்புப் படிவைத் தேய்ப்பார். கொதிநீர் வால்வு மறுநாள்தான் திறக்கும் என்பது பட்டறையின் நெடுநாள் நம்பிக்கை. சுவர்க் கடிகாரம் எட்டு இருபத்தாறு காட்டியது.

"உள்ள ஆளிருக்குதுங்க!"

ரைசாவின் விரல்கள் அதற்குள் இயங்கிவிட்டன. "வரிய நிறுத்திட்டேன். இருந்தாலும் ஓடுங்க. அவர் மேல வந்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

தங்கவேலு ஓடினார். தொட்டிக்குள்ளிருந்து கன்னையனின் குரல் எழுந்தது: "ஏனுங்க, இன்னும் பாதிகூட ஆகலீங்க. அதுக்குள்ள ஊட்டுக்காரி மாதிரி வந்து நிக்கறீங்களே!"

"மொதல்ல மேல வாங்க சாமி. அப்புறம் திட்டுங்க."

கன்னையன் ஏணியேறி வந்தார். இருவரும் நின்று பார்த்திருக்க, எட்டரை கடந்தது. குழாய்வாயில் ஒரு சொட்டும் இல்லை. "என் தப்புத்தானுங்க" என்று தொடங்கி, நடந்ததனைத்தையும் தங்கவேலு சொன்னார்.

அவர்கள் கணினி அறைக்கு வந்தபோது ரைசா கிழமை வரும் பதினோரு வரிகளையும் திருத்திக்கொண்டிருந்தாள். எண் நீங்கிய இடத்தில் கிழமையின் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் இருந்தன. "எண்ணு ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரிங்கண்ணா. பேரு போட்டா மாறாது" என்றாள். தங்கவேலு தலைகுனிந்ததைக் கண்டு, குரலைத் தணித்துக்கொண்டாள். "இதே தப்ப நானும் செஞ்சிருக்கேனுங்க. அன்னைக்கு உள்ள யாரும் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்."

தம் வயதில் பாதியும் நிரம்பாத அப்பெண்ணின் அறிவினும் அவள் தன்மை பெரிதென்று அவருக்குத் தோன்றியது.

கன்னையன் வெளியே போனார். முற்றத்துக் குழாயில் கைகால் கழுவி, அவிநாசிக் கோயில் இருக்கும் திசை நோக்கித் தலைமேல் கைகுவித்துக் கண்மூடி நின்றார். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு அறைவாயிலுக்குத் திரும்பி, ஈரக் கையை ரைசாவை நோக்கி உயர்த்தினார்.

"நோய்நொடி அண்டாம, புள்ளகுட்டியோட நீ நல்லா இருக்கோணுங் கண்ணு."