ஐந்தாவது சுற்றில் வந்த மழை

எங்கள் ரெட் ஃபோர்க் லீக் இரண்டு கோடைகூட முழுதாக வாழவில்லை. மேற்கு டெக்சஸில் நான்கு பருத்தி ஊர்கள், நான்கு பேஸ்பால் அணிகள், அவ்வளவுதான். பெரிய லீக்குகளுக்கு ஏணி வைத்தால் அதன் கடைசிப் படிக்கும் கீழே நாங்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி லாரிகளை நிறுத்திக்கொண்டு, நம் ஆள் ஒரு அடி அடித்தால் போதும், ஊரே ஹாரன் அடிக்கும். இன்று டிவியில் காட்டுகிற ஆரவாரமெல்லாம் அதற்கு உறை போடக் காணாது. நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

லீக்கைக் கொன்றது வறட்சி. மூன்று வருடமாக வானம் கண் திறக்கவில்லை. பருத்தி இல்லாத ஊரில் டிக்கெட் வாங்க யார் வருவார்கள்? 1952 ஜூலையில், வருகிற சனிக்கிழமை ஆட்டத்தோடு கடையைக் கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் அணிக்குப் பந்து எறிபவன் காஸ் வோய்டெக். பென்சில்வேனியாவில் சுரங்கக் குடும்பம். அப்பாவும் அண்ணனும் நிலக்கரி வெட்டப் போக, நான் பூமிக்குள் இறங்கமாட்டேன் என்று கிளம்பி வந்தவன். எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். அவன் எறிவதை மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவன் நான். நல்ல கை அவனுக்கு. ஆனால் நாலு சுற்று வரை புலி, ஐந்தாவதில் படுத்துவிடுவான் என்று லீக் முழுக்கப் பேர் வாங்கியிருந்தான். அந்தக் கடைசிச் சனிக்கிழமை டல்லஸிலிருந்து ஆள் தேடி வந்த வெள்ளைத் தொப்பிக்காரரும் அதைக் கேள்விப்பட்டிருந்தார். ஐந்தாவது சுற்றை முடித்துக் காட்டினால் மேல் அணிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று காஸின் முகத்துக்கு நேராகவே சொன்னார். காஸுக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அன்று அவன் எறிந்த மாதிரி நான் அப்புறம் பார்த்ததில்லை. நாலு சுற்றில் ஒருத்தனும் அவன் பந்தை ஒழுங்காகத் தொடவில்லை. நாங்கள் முன்னிலையில் இருந்தோம். ஐந்தாவதில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒரே ஒருவன் போனால் சுற்று முடிந்தது. அப்போதுதான் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

ஐந்தாவது சுற்றில் எதிரணி மட்டை பிடித்து முடிக்கும்முன் மழை ஆட்டத்தை நிறுத்தினால், அது நடக்காத ஆட்டம். மட்டைக்காரனுக்கு அது தெரியாதா? காலணி நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். வீட்டில் உங்கம்மா கட்டிவிடவில்லையா என்று கேட்டேன். மழை வரப்போகுது, இறுக்கிக் கட்டிக்கறேன் என்றான் திருடன்.

முதல் சொட்டு விழுந்தது. எங்கள் அம்பயர் ஆர்லிஸ் டக்கட் பக்கத்து வயல்காரர். வெளியிலிருந்து ஆள் கூப்பிட லீக்குக்கு வக்கில்லாததால் நின்றவர். முகமூடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். அவ்வளவுதான். மைதானத்தைச் சுற்றியிருந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. வேலியைத் தாண்டி ஊரே உள்ளே இறங்கியது. நாடா கட்டியவனும் பருத்தி வீட்டுப் பையன்தானே, மட்டையை வீசிவிட்டு அவர்களோடு குதித்தான்.

நான் டக்கட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு ஆளுதான் மிஸ்டர் டக்கட். கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க."

"மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கு. யார்கிட்ட போய்ச் சொல்ல? அதோ உங்கப்பா நிக்கிறாரு, நீயே சொல்லு தம்பி."

அப்பா மைதானத்தின் நடுவில் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து மழையை ஏந்திக்கொண்டு நின்றார். அழுதுகொண்டிருந்தார். டக்கட்டின் கையை விட்டுவிட்டேன். காஸைத் திரும்பிப் பார்த்தேன்.

அவன் இடத்தை விட்டு நகரவே இல்லை. பந்து நனையாமல் சட்டைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு, கூட்டம் கலையும் என்று காத்திருந்தான். மண்சாலை சேறாகிவிடும் என்று வெள்ளைத் தொப்பிக்காரர் காரைக் கிளப்பிக்கொண்டு போனதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

லீக் போய்விட்டது. காஸுக்குச் சுரங்கத்துக்குத் திரும்ப மனமில்லை. அறுவடை வரைக்கும் இருந்துவிட்டுப் போ என்றார் அப்பா, அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். அக்டோபரில் எங்கள் வயல் வெள்ளை வெளேரென்று வெடித்துக் கிடந்தது. அந்த வருடம் கைவிட்டுப் போகவேண்டிய நிலம் தப்பியது. அதில்தான் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறேன்.

காஸ் எனக்கு அடுத்த வரிசையில் நீளப் பையை இழுத்துக்கொண்டு பறித்தான். காய்முள் கிழித்து அவன் வலது கை விரலெல்லாம் ரத்தம்.

"நல்லா வெளஞ்சிருக்குடா லாய்ட்," என்றான். கோபமாகக்கூட இல்லை. "இந்த மழை ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்து வந்திருந்தாலும் இவ்வளவு வெளஞ்சிருக்கும், இல்ல?"

வெளஞ்சிருக்கும் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த செடிக்குக் குனிந்தான்.