ஆடி அமாவாசை நேரலை

என் அண்ணன் குற்றாலிங்கத்தை இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் பையில் சுற்றித்தான் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்று சொல்வதே தப்பு. அவர்களே வண்டியில் ஏற்றினார்கள், அவர்களே எரித்தார்கள். நானும் அவன் பெண்டாட்டி, எங்கள் மைனியும் கேட்டுக்கு வெளியே நின்றோம். முகத்தை ஒருதடவை காட்டுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டதற்கு, "கொரோனா பாடிம்மா, தள்ளி நில்லுங்க" என்றான் ஒருத்தன். பாடியாம். குற்றாலத்து அருவிக்கரையில் எத்தனையோ ஊர்க்காரன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட மனுஷன், ஒரே வாரத்தில் பாடியாகிவிட்டான்.

முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. அதனால் முத்துலட்சுமி மைனி தாலியைக் கழற்றவில்லை. "மொகத்தப் பாக்காம எப்படிட்டி கழத்த?" என்று கேட்பாள். எங்கேயோ பிணம் மாறிப்போய், செத்ததாகச் சொன்னவன் வீட்டுக்கு நடந்தே வந்தான் என்று வாட்ஸப்பில் வந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். கீழப்பாவூரில் எங்கள் தெருவுக்கு இது வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி. நான் வாயாடி, ஒருத்தியை விடாமல் சண்டை போட்டேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான்.

ஆடி அமாவாசைக்காவது எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடுவோம், அண்ணன் அலையக்கூடாது என்று மைனியைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். அவனுக்குப் பிள்ளை இல்லை. கொரோனா வீடு என்று பங்காளிகள் எட்டிப் பார்ப்பதில்லை. தங்கச்சி நான்தான் விடவேண்டும். அருவிக்கோ யாரும் போகக்கூடாது என்று போலீஸ் தடை.

குற்றாலத்தில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற சின்ன மியூசியம் உண்டு. ஊரடங்கில் பூட்டியதிலிருந்து சிலை, செப்பேடு, முதுமக்கள் தாழி என்று ஒவ்வொன்றாகப் போனில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அமாவாசைக்கு 'அருவி உங்கள் வீட்டில், காலையில் நேரலை' என்று விளம்பரம் போட்டார்கள். போனுக்கு முன்னால் சொம்புத் தண்ணீரை வைத்துத் தர்ப்பணம் பண்ணிக்கொள்ளலாமாம். கலிகாலம் என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொம்பையும் விளக்கி வைத்தேன்.

அன்று காலை தட்டில் பச்சரிசியும் எள்ளும் நனைத்து வைத்துவிட்டுப் போனைத் திறந்தோம். ஆளரவமே இல்லாமல் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. நான் கையில் எள்ளும் தண்ணீருமாக அண்ணன் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது சாரல் தெறித்துப் படம் மங்கியது. கட்டம் போட்ட துண்டோடு ஒரு கை வந்து துடைத்தது. துடைத்த இடத்தில் அண்ணன் முகம். மாஸ்க் தாடைக்குக் கீழே கிடந்தது, மீசை நனைந்திருந்தது. கண்ணைச் சுருக்கி எங்களையே பார்த்து, "இப்பத் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு விலகிப் போனான்.

மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி செண்பகம், விட்டுராத! உசுரோட இருக்கவுகளுக்கு எள்ளு விட்டாப் பாவம்ட்டி! நேரலைன்னு போட்டிருக்குல்லா? இன்னிக்குல்லா எடுக்காக!"

தட்டில் இருந்த அரிசியை அள்ளி முந்தானையில் முடிந்தாள். உயிரோடு இருக்கிறவர் வீட்டில் இது கிடக்கக்கூடாது, அருவித் தண்ணீரில் கொட்டிவிடலாம் என்றாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்தாள். நான் தடுக்கவில்லை. நோய் எங்களுக்கும் ஒட்டிவிடக்கூடாது என்று அண்ணன் அங்கேயே ஒளிந்திருக்கிறான் என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் குற்றாலத்துக்குப் போனதே இல்லை.

மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிறவர் விஜய்பாண்டி என்கிற அதிகாரி. "சார், காலைல காமிராவத் தொடச்சாகள்லா, எங்க வீட்டுக்காரக, அவுக எங்க?" என்று மைனி கேட்டாள். ஆஸ்பத்திரியில் அவன் செத்துவிட்டதாகச் சொல்லி முகம் காட்டாமல் எரித்த கதையை நான் சொன்னதும், அவர் முகம் வெளுத்துப்போனது.

"அம்மா, அது போன வருஷம் எடுத்தது" என்றார். "லாக்டவுன்ல வேலை இல்லன்னு வந்தாரு. காமிராவுல சாரல் படாம குடை பிடிக்க வச்சிருந்தோம். அவரு இறந்துட்டாருங்கறதே எனக்குத் தெரியாதும்மா."

குடை பிடிக்கப் போனதை அண்ணன் எங்களிடம் சொன்னதில்லை. ரோஷக்காரன்.

"அப்ப நேரலைன்னு எதுக்குய்யா போட்டீரு?" என்று கத்தினேன்.

"இன்னிக்கு எங்களையும் போலீஸ் அருவிப் பக்கம் விடலம்மா. எத்தனையோ குடும்பம் சொம்போட காத்திருக்கு. அவங்கள ஏமாத்த மனசு வரல. பழசை அப்படியே ஓடவிட்டுட்டேன்."

ஏமாற்ற மனசு வரவில்லையாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுஷன் சட்டையைப் பிடித்திருப்பேன். மைனி தரையில் உட்கார்ந்துவிட்டதால் அவளைத் தாங்கப் போனேன். என் அண்ணன் அன்றைக்கு இரண்டாவது தடவை செத்தான். முதல் தடவையைவிட இது கொடுமையாக இருந்தது.

"அந்த இடத்த வெட்டி எடுத்துடறேம்மா" என்றார் விஜய்பாண்டி.

"வெட்டாதீங்க சார்" என்றாள் மைனி. "இன்னொருக்கா போடுங்க. மொகம் வரும்போது நிறுத்திருங்க."

தாழி வைத்திருந்த கூடத்தில், சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. அவர் அதில் ஓடவிட்டு, அண்ணன் கேட்டு முடித்ததும் நிறுத்தினார். அண்ணன் நிஜத்தைவிடப் பெரிதாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மைனி எழுந்து போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஈர அரிசியை எடுத்து அவன் உதட்டில் வைத்தாள். எள் கண்ணாடியில் ஒட்டியது, அரிசி வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்து, விழாமல் விரலால் அழுத்திக்கொண்டாள். விஜய்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்.

"நீயும் போடுட்டி, ஒங்க அண்ணன்லா" என்றாள்.

போட்டேன். கண்ணாடி சில்லென்று இருந்தது. கதறி அழுதேன். மைனி அழவில்லை. தலையிலிருந்த பூவை எடுத்துத் திரைக்குக் கீழே வைத்துவிட்டு அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெளிவாத் தெரியுது. போங்க" என்று சொல்லிவிட்டுக் கழுத்தில் கை வைத்தாள்.