பன்னிரண்டாவது விதவை

மழை தரும் தெய்வமான டிராகன் ராஜாவின் சிலையைக் கோயிலிலிருந்து தூக்கிவந்து களத்து மேட்டில் வெயிலில் உட்கார வைத்து நாளாகிவிட்டது. நல்ல வருஷங்களில் ஆட்டிறைச்சியும் நாடகமும் மேளமுமாக ஊரே அவனைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. வாங்கித் தின்றவன் வேலையைப் பார்க்க வேண்டாமா? போன கோடைக்கு முன்பிருந்தே ஷீகோவ் ஊரில் ஒரு துளி விழவில்லை. நிழலில் சொகுசாக இருப்பவனுக்கு எங்கள் பாடு எப்படித் தெரியும், நீயும் கொஞ்சம் காய்ந்து பார் என்று அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். நீலச் சாயம் உரிந்தது. மீசைக்கு வைத்திருந்த செப்புக் கம்பியில் ஒன்று கழன்று தொங்கியது. வூ அக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று, "என்ன ராஜா, சூடு போதுமா, இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் வாய்க்கு யாரும் பூட்டுப் போட முடியாது.

ராஜா எதற்கும் மசியவில்லை. அப்புறம்தான் ஊரின் மழைச் சடங்குகளை நடத்தும் ஹே லாவ்ச்சுவான் கடைசி வழியைச் சொன்னார். கோயிலுக்குப் பின்னால் ராஜாவின் குளம் இருக்கிறது. வறண்டு, வெடித்து, பெயருக்குத்தான் குளம். பன்னிரண்டு விதவைகள் தலையில் வெள்ளைத் துணி கட்டி, கூந்தலை அவிழ்த்துப் போட்டு, அதில் இறங்கித் தூர் வாரவேண்டும். வாரும்போது அவரவர் புருஷனைச் சொல்லி அழவேண்டும். ராஜா எதையும் தாங்குவான், விதவைகள் கூடி அழுவதை மட்டும் தாங்கமாட்டான் என்று ஊருக்கு நம்பிக்கை.

பன்னிரண்டு விதவைகளுக்கு எங்கே போவது? முன்பெல்லாம் அந்த ஊரில் விதவைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இப்போது பாதிப் பேர் பிச்சைக்கென்று தெற்கே போய்விட்டார்கள், சிலர் ஒரு மூட்டைத் தானியத்துக்கு எவனுக்கோ வாழ்க்கைப்பட்டுப் போனார்கள், மிச்சப் பேரை மண் தின்றது. தேடிப் பிடித்தும் ஓர் ஆள் குறைந்தது. அந்த ஓர் இடத்துக்காகத்தான் லாவ்ச்சுவான், மண் மேட்டைக் குடைந்து கட்டிய லாமெய்யின் குகை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

லாமெய்யின் புருஷன் பாவ்சாங், போன அறுவடைக் காலத்தில், அறுக்க ஒன்றுமில்லாத அறுவடைக் காலத்தில், கல்யாணப் போர்வையைக் கழுதைமேல் போட்டுக்கொண்டு மஞ்சளாற்றுக்கு அக்கரையில் அதை விற்றுத் தினை வாங்கி வரப் போனவன். ஆற்றில் உறைந்த பனி உடைவதற்குள் வந்துவிடுகிறேன் என்றான். பனி உடைந்து ஓடி, இலந்தை மரங்கள் துளிர்க்க முடியாமல் துளிர்த்துக் கருகியும்விட்டன. நடுவில் உப்பு விற்க வந்த ஒருவன், ஆற்றுத் துறையில் கொள்ளைக்காரர்கள் சிலரை வெட்டிப் போட்டதாகச் சொன்னான். யார் யார் என்று கேட்டதற்கு, செத்தவனிடம் பெயரா கேட்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து ஊர் பாவ்சாங்கைச் செத்தவன் கணக்கில் சேர்த்துவிட்டது. லாமெய் மட்டும் தினமும் அவன் கிண்ணத்தைத் துடைத்து அடுப்பு மேல் கவிழ்த்து வைத்தாள்.

"அவரு வருவாரு பெரியப்பா," என்றாள்.

லாவ்ச்சுவான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தன் பேரனைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். படுக்கை மேடையில் அவள் மகள் தோவ்யா வயிறு மட்டும் உப்பி, கை கால் குச்சியாக, ஈயை விரட்டக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். பஞ்சத்துக்கு எல்ம் மரப் பட்டையை இடித்துக் கொடுத்தது அவளுக்குச் செரிக்கவில்லை.

"வரட்டும், யாரு வேணாம்னா? அவன் வரும்போது இந்தப் புள்ள இருக்கணுமே," என்றார்.

லாமெய்க்கு வந்த பயம் வேறு. ராஜாவின் எதிரே நின்று இன்னார் செத்தார் என்று சொல்வது சும்மா பேச்சல்ல. பொய்யாகச் சொன்னால் கூடிய மேகம் கலைந்துவிடும். இல்லாவிட்டால் சொன்னதை ராஜா மெய்யாக்கிவிடுவான். பாவ்சாங் எங்கோ ஒரு சாலையில் மூச்சோடு நடந்து வந்துகொண்டிருந்தால், அவள் வாயே அவனுக்கு எமனாகும். இதை வூ அக்காவிடம் சொல்லி அழுதாள். வூ அக்கா, "செத்தவனைச் செத்தான்னு சொல்றதுல என்னடி பாவம்? நானும் உன்னை மாதிரி கிண்ணம் துடைச்சவதான். கடைசியில கிண்ணம்தான் தேஞ்சுது," என்றாள்.

இன்னொன்றும் இருந்தது. அழுவதற்குத் தெம்பு வேண்டுமென்று, கோயிலில் ராஜாவுக்கென்று ஒதுக்கியிருந்த கடைசித் தினையைக் கஞ்சியாகக் காய்ச்சி, குளத்தில் இறங்கும் பெண்களுக்குக் கொடுப்பதாக லாவ்ச்சுவான் சொல்லியிருந்தார். லாமெய் வெள்ளைத் துணியை வாங்கிக்கொண்டாள். கஞ்சியை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளுக்குப் புகட்டினாள். பாதிக் கிண்ணத்தில் குழந்தைக்குக் கண் திறந்தது. இதற்காகத்தானே என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் ராஜாவைப் பல்லக்கில் தூக்கிவந்து குளக்கரையில் வைத்தார்கள். ஆண்கள் எல்லாரும் வில்லோ மர இலை வளையத்தைத் தலையில் சுற்றி, வெறுங்காலோடு, உச்சி வெயிலில் மண்டியிட்டிருந்தார்கள். அன்றைக்கு யாரும் தொப்பி போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது. நிழல் தேடுகிறவனுக்கு மழை எதற்கு என்று ராஜா கேட்பானாம்.

பெண்கள் ஒவ்வொருவராகப் புருஷன் பெயரையும் அவன் போன விதத்தையும் ராஜாவிடம் சொல்லிவிட்டு இறங்கினார்கள். வூ அக்காவின் புருஷன் நிலக்கரிச் சுரங்கத்தில். இன்னொருத்தியின் புருஷன் காய்ச்சலில். இன்னொருத்தியின் புருஷனைப் பட்டாளத்தார் சுமை தூக்கப் பிடித்துக்கொண்டு போனதுதான், திரும்பவில்லை. லாமெய் முறை வந்தது.

"பாவ்சாங்," என்றாள். "ஆத்துத் துறையில. கொள்ளைக்காரங்க வெட்டிட்டாங்க."

சொல்லி முடித்ததும் உள்ளே என்னவோ அறுந்தது. குளத்தில் இறங்கி மண்ணை வெட்டிக்கொண்டே, முதலில் ஒப்புக்குத்தான் அழுதாள். பிறகு கழுதைக்குக் கூடப் பாட்டுப் பாடுவானே அந்த மனுஷன் என்று ஞாபகம் வந்தது. போர்வையை விற்க மனமில்லாமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், திரும்பி வரும்போது இதைவிடச் சிவப்பாக ஒன்று வாங்கி வருகிறேன் என்று அவன் கேலி செய்ததும் ஞாபகம் வந்தது. அவன் பிணத்துக்கு நாயைத் துரத்தக்கூட ஆளிருந்திருக்காது. அவ்வளவுதான், அடிவயிற்றிலிருந்து ஓலமிட்டாள். இத்தனை மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. மற்றப் பெண்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

மேற்கே, மலை முகட்டுக்கு மேல், ஒரு கறுப்பு எழும்பியது. யாரும் வாய் திறக்கவில்லை, திறந்தால் போய்விடும் என்ற பயம். கறுப்பு வளர்ந்தது. காற்று குளிர்ந்தது. குளத்தின் அடியில் வூ அக்கா ஒரு பிடி மண்ணை எடுத்து லாமெய்யின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். ஈரமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் முகட்டுப் பாதையில் ஒருவன் இறங்கி வந்தான். தோளில் ஒரு சாக்கு, தலையில் வைக்கோல் தொப்பி. தொப்பியைக் கண்டதும் இளவட்டங்கள் பாய்ந்து ஓடினார்கள். ஒருவன் அதைத் தட்டிவிட்டான். தட்டிவிட்ட கை அப்படியே நின்றுபோயிற்று, ஏனென்றால் அது பாவ்சாங். தட்டியவன் அவனுடைய சித்தப்பா மகன்.

எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முகம் வற்றி, தாடி வளர்ந்து, கழுதையைத் தொலைத்து, ஒரு கால் இழுத்து நடந்தாலும் அவனைத் தெரியாதவர் அந்த ஊரில் யார்? ஆனால் ஒருவரும் பெயர் சொல்லவில்லை. எதிரே ராஜா உட்கார்ந்திருக்கிறான். தலைக்கு மேல் மேகம் நிற்கிறது. பன்னிரண்டு விதவைகளில் ஒருத்தி விதவையில்லை என்று அவன் காதில் விழுந்தால் போதும்.

லாவ்ச்சுவான் குளக்கரைக்கு வந்தார். ராஜாவுக்குக் கேட்கும்படி உரக்கவே கேட்டார்.

"லாமெய், இந்த ஆளை உனக்குத் தெரியுமா?"

அவள் பாவ்சாங்கைப் பார்த்தாள். ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல உடம்பெல்லாம் துடித்தது. ஊர் முழுக்க அவள் வாயையே பார்த்தது. ஒரு மழைதான், அதுவரைக்கும் ஒரு பொய்தான். ஏற்கெனவே சொன்ன பொய் என்ன, இன்னொன்று என்ன? மழை விழுந்தபின் ராஜா என்ன செய்துவிடப் போகிறான், விழுந்த மழையை வாரிக்கொண்டா போவான்?

"தெரியாது," என்றாள். "எம் புருஷன் செத்துட்டாரு."

ஊர் மூச்சு விட்டது. யாரோ வழிப்போக்கன் என்று லாவ்ச்சுவான் ராஜாவைப் பார்த்துச் சொன்னார். பாவ்சாங் அசையாமல் நின்றான். லாமெய் வண்டல் கூடையைத் தூக்கிக்கொண்டு கரையேறி, கொட்டுகிற சாக்கில் அவன் பக்கமாகப் போனாள். தலையைக் குனிந்தபடியே பேசினாள்.

"ஆட்டுக் குகைக்குப் போயிருங்க. ராஜா கண்ணுக்குப் படாது. மழை விழுந்ததும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவன் அவளுடைய வெள்ளைத் துணியைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, பாவி மனுஷனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

"மேட்டு மேலயே கேட்டுச்சு," என்றான். "நல்லாத்தான் அழுத. இவ்வளவு ஆசை இருக்கும்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே செத்திருப்பேன்."

"போங்க."

"தோவ்யா?"

"இருக்கா."

அவன் கண்ணை மூடித் திறந்தான். சாக்கை அவள் கூடைக்குள் இறக்கி வைத்தான். ராத்திரியெல்லாம் நடந்தேன், போய்க் கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கினான்.

ஆட்டுக் குகை பள்ளத்தின் அடியில், வறண்ட ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேகம் கறுத்தால் பள்ளத்தில் நிற்காதே என்று அந்த ஊரில் பேச்சு வரும் முன்பே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். லாமெய்யும் தோவ்யாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் அந்த ஓடையில் தண்ணீர் பார்த்து எத்தனை காலமாயிற்று. மழை வேண்டும் மழை வேண்டும் என்று தொண்டை கிழிய அழுதவளுக்கு, மழை வந்தால் தண்ணீர் எங்கே போகும் என்பது மறந்துபோனது. அவளுக்கு மட்டுமா, அங்கே மண்டியிட்டிருந்த அத்தனை பேருக்கும் மறந்துபோனது. அவன் பள்ளத்துக்குள் இறங்குவதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவள் திரும்பக் குளத்தில் இறங்கினாள். அழுகை வரவில்லை. அவர் வந்துவிட்டார், அவர் வந்துவிட்டார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயை மட்டும் திறந்து ஊளையிட்டாள். வூ அக்கா பக்கத்தில் வந்து அவள் இடுப்பில் கிள்ளினாள். "அழுடி, சிரிச்சுத் தொலைக்காதே," என்றாள்.

மழை விழுந்தது. முதலில் புழுதியில் காசு காசாக விழுந்தது. பிறகு வானமே பொத்துக்கொண்டது. ஆண்கள் கிழவர் வாலிபர் என்றில்லாமல் சேற்றில் புரண்டார்கள். லாவ்ச்சுவான் ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினார். லாமெய்யும் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக் குடித்தாள், அவளும் சிரித்தாள். முதலில் மகள் ஞாபகம்தான் வந்தது. சாக்கு நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். தினையை மேடைமேல் வைத்துவிட்டு, அப்பா வந்தாச்சு, இரு கூட்டிட்டு வர்றேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பவும் வெளியே வந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பள்ளத்திலிருந்து, அடித்தொண்டையில் உறுமுகிற சத்தம். எத்தனை கோடைகளில் கேட்ட சத்தம்.

விளிம்புக்கு ஓடினாள். கீழே குகை இல்லை, ஓடை இல்லை. மஞ்சள் சேறு கரைமுட்டப் புரண்டுகொண்டு போனது. சுவர் சுவராக மண் சரிந்து அதில் விழுந்தது. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். காலையிலிருந்து கத்திய அதே பெயர். கரையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள், விதவை இன்னும் அழுகையை நிறுத்தவில்லை என்று நினைத்தார்கள். சித்தப்பா மகனுக்கு மட்டும் புரிந்தது. அவன் ஓடிவந்து, குதிக்கப் போனவளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.

வெள்ளம் வடிந்ததும் வளைவில் ஒரு பாப்ளர் மரத்தடியில், சேற்றுக்குள் அவனைக் கண்டெடுத்தார்கள். தூங்கினவன் தூங்கினபடியே போயிருப்பான், எதுவும் தெரிந்திருக்காது என்று எல்லாரும் அவளிடம் சொன்னார்கள். சொல்ல வேறு என்ன இருக்கிறது.

விதைத்தார்கள். முளைத்தது. தோவ்யா அப்பா கொண்டுவந்த தினையைத் தின்று எழுந்து நடந்தாள். நீ கூட்டிட்டு வர்றேன்னியே என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. ராஜாவுக்குப் புதுச் சாயம் பூசி, மீசைக்குப் புதுக் கம்பி வைத்து, நன்றி சொல்ல நாள் குறித்தார்கள். வழக்கப்படி அன்றும் பன்னிரண்டு பெண்களும் முன்வரிசையில் நின்று, புருஷன் பெயரையும் போன விதத்தையும் இன்னொரு தரம் சொல்லிக் கும்பிட வேண்டும். லாமெய் வரவேண்டாம், அவளை விட்டுவிடலாம் என்று லாவ்ச்சுவான் சொல்லியனுப்பினார். அவள் வந்தாள். யாரும் கூப்பிடாமலே வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வந்து வரிசையில் கடைசியாக நின்றாள்.

அவள் முறை வந்ததும் மேளம் நின்றது. லாவ்ச்சுவான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவ்சாங்," என்றாள் ராஜாவைப் பார்த்து. "அன்னிக்கு ஆத்துத் துறைன்னு தப்பாச் சொல்லிட்டேன். நம்ம ஊருப் பள்ளத்துல. நீ குடுத்த மழையில."

கும்பிட்டுவிட்டு நகர்ந்து நின்றாள். அடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் மேளத்தை மறுபடி அடிக்கச் சொன்னார்கள்.