மௌனப் போட்டியில் முதல் பரிசு

"வாய் தெறக்காம நின்னதுக்குப் பரிசா? ஏன் டீச்சர், மூச்சும் விடாம நின்னா மெடல் குடுப்பீங்களா?"

வண்ணப் பென்சில் பெட்டி டீச்சரின் மேசையில் வந்து விழுந்தது. தையல்காரி கடையில் பாதி வேலையில் எழுந்து வந்திருந்தாள். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது.

"அக்கா, கொஞ்சம் மெதுவா. போர்ல செத்தவங்களுக்காக நாளைக்கு ரெண்டு நிமிஷம் மௌனம். இந்த வாண்டுங்களுக்கு வேற எப்படிச் சொல்லிக் குடுக்கறது? ஒருத்தன் தும்முனா மொத்தக் கிளாசும் சிரிக்குது. அதான் போட்டின்னு வச்சேன். உங்க பொண்ணு அசையவே இல்ல!"

"அவ அப்பாவைப் போர்லேருந்து பெட்டியில கொண்டாந்த நாள்லேருந்தே அவ பேசல, டீச்சர்."

டீச்சரின் முகம் தொங்கிவிட்டது. புதிதாக வந்தவள். தெரு நாய்க்குக்கூடத் தெரிந்த சேதியை அவளிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. வம்புக்கு ஆயிரம் வாய் இருக்கும் தெருவில் உருப்படியான பேச்சு மட்டும் ஊர்ந்துதான் போகும்.

மகள் வாசலில் நின்று தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாயிலிருந்து ஒரு சொல் வாங்கிவிடத் தையல்காரி கெஞ்சாத கெஞ்சல் இல்லை. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் மிஷின் சத்தம் மட்டும்தான். கணவனின் படம் தகரப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. தையல்காரி அழவும் இல்லை. அழுதால் ஆறுதல் சொல்லலாம் என்று காத்திருந்த மாடிவீட்டம்மாவுக்குப் பெருத்த ஏமாற்றம்.

மறுநாள் மைதானத்தில் பிள்ளைகள் சட்டையில் காகிதப் பூக்களைக் குத்திக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். விளையாட்டு வாத்தியார் விசில் அடித்தார், மௌனம். மறுபடி அடித்தார், சந்தைக்கடை. தையல்காரியின் மகள் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

வேலியோரம் நின்ற தையல்காரி உள்ளே ஓடினாள். "விசில் அடிச்சாச்சுடி கண்ணு. இனிமே பேசலாம்."

மகள் நிமிர்ந்தாள்.

"நம்ம வீட்ல எப்பம்மா அடிப்பாங்க?"

சவப்பெட்டி வந்த அன்று, "பேசாம இருடி" என்று அதட்டியது தையல்காரிக்கு நினைவு வந்தது. அதற்குப் பிறகு, பேசு என்று கெஞ்சினாளே தவிர, முடிந்தது என்று சொல்லவே இல்லை. நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தாள். அடைக்கவில்லை. நூல் அறுந்த ஊசி போல மனம் வெறுமனே ஏறி இறங்கியது.

நேரே வாத்தியாரிடம் போய்க் கையை நீட்டினாள். "சார், அந்த விசிலைக் குடுங்க."

"எச்சில் பட்டதுங்க..."

"பரவால்ல."

அன்று மாலை அவள் வீட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது. மாடிவீட்டம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டாள். "அப்பா படம் எங்கம்மா?" என்று பிள்ளை கேட்டதும், தகரப் பெட்டி இழுபடும் சத்தமும் அவள் காதில் தெளிவாகவே விழுந்தனவாம்.

விசில் திரும்பி வரவே இல்லை. அதைக் கேட்க வாத்தியார் துணைக்கு டீச்சரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுப் பக்கம் நடையாய் நடந்தார். அடுத்த வருஷம் இருவருக்கும் கல்யாணம். தையல்காரி மகளோடு தங்கை இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டாள். பிள்ளை அங்கே வாய் ஓயாமல் பேசுகிறதாம்.

தையல்காரி அழுதாளா என்று மாடிவீட்டம்மா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.