பதினோராம் இலக்க மருமகன்

என் அப்பா ஒரு மனிதனைப் பற்றி முதலில் கேட்பது அவன் பெயரையோ ஊரையோ அல்ல. எவ்வளவு உயரம் துள்ளுவான் என்றுதான் கேட்பார்.

அப்பாவின் பெயர் கதிர்காமநாதன். டோர்ட்மண்டில் ஒரு கேபிள் தொழிற்சாலையில் இருபது வருடமாக வேலை. ஆனால் யாராவது விசாரித்தால் தன்னைப் பூவரசடி இந்துக் கல்லூரியின் பழைய மாணவன் என்றுதான் சொல்லிக்கொள்வார். அந்தக் கல்லூரிக்காக அவர் ஒரு நாளும் கூடைப்பந்து விளையாடியதில்லை. ஐந்தடி மூன்றங்குலத்துக்கு யார் இடம் கொடுப்பார்கள்? வேலியோரம் நின்று பார்த்தார். பார்த்துப் பார்த்தே வல்லுநர் ஆகிவிட்டார்.

ஜெர்மனியில் இருக்கிற யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் கோடைக்குக் கோடை கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி நடத்தும். பழைய மாணவர்களுக்கு இப்போது படியேறினாலே மூச்சு வாங்குவதால் அவர்களுடைய பிள்ளைகள் விளையாடுகிறார்கள். போட்டியின் ஏழாம் விதி இது: விளையாடுகிறவர் பழைய மாணவராக, அல்லது அவருடைய மகனாக, மருமகனாக, நிச்சயிக்கப்பட்ட மருமகனாக இருக்க வேண்டும். அந்தக் கடைசித் துண்டைச் சேர்த்தது அப்பாதான். நாலு வருடத்துக்கு முன் அவருடைய கூட்டாளி சிறீதரன் மாமாவின் மகளுக்கு ஒரு ஆறடிப் பையனைப் பேசியிருந்தார்கள். கலியாணம் அடுத்த தையில், போட்டி அதற்கு முந்தின ஆடியில். பையனை ஆடியிலேயே இறக்குவதற்காக விதி வளைந்தது.

இனி என் கதை. இரண்டு வருடமாக எனக்குத் தோர்பன் என்றொருவன் இருந்தான். நான் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் படித்துக்கொண்டு ஒரு நிலையத்தில் பயிற்சி எடுத்தபோது, இடது கணுக்கால் சவ்வு கிழிந்து நொண்டிக்கொண்டு வந்தவன். ஒரு கழகத்துக்குக் கூடைப்பந்து விளையாடியவன். முதலில் காலைப் பிடித்துவிட்டேன், பிறகு கையையும் பிடித்துவிட்டேன்.

வீட்டில் சொல்ல வழியில்லை. தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி ஜெர்மன்காரனைக் கட்டியபோது, அப்பா சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சொன்னார்: "எங்கட வீட்டில அது நடவாது. நடந்தால் நான் அந்தச் சபையில நிக்கமாட்டன்." அப்பா சொன்னால் சொன்னதுதான். அவர் நிற்காத சபையில் எனக்குக் கலியாணம் வேண்டாம். தோர்பன் இல்லாத கலியாணமும் வேண்டாம். அழுது பார்க்கலாமா என்று யோசித்தேன். அழுகை என் அப்பாவிடம் எடுபடாது. அவரிடம் எடுபடுவது துள்ளல் ஒன்றுதான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆடி மாதம். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் எங்கள் நகரத்துக்கே வந்து, பஸ்ஸுக்குப் பஸ் கொடி பறந்துகொண்டிருந்தது. ஊரே பந்தை உதைக்க, அப்பாவும் சிறீதரன் மாமாவும் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தைக் கூடையில் போடுகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று திருநீற்றுச் சோதனை.

புதிதாகச் சேரவிருக்கும் பிள்ளை விரல் நுனியில் திருநீறு பூசிக்கொள்ள வேண்டும். ஓடிவந்து துள்ளிக் கூடைக்குப் பின்னாலுள்ள பச்சைப் பலகையில் அடிக்க வேண்டும். வெள்ளை எங்கே பதிகிறதோ அதுவே அவன் மதிப்பு. எங்கள் பரம எதிரிகளான புனித மத்தியாஸ் கல்லூரிக்காரர் இதற்கு முகப்பவுடர் பாவிப்பார்கள். அது பலகையில் நிற்காது, அவர்களுடைய கணக்கெல்லாம் புளுகு என்பது அப்பாவின் கட்சி.

நான் தேத்தண்ணிப் போத்தலோடு பக்கத்தில் இருந்தேன்.

முதலாவது பையன் துள்ளினான். கூடை வளையத்தின் மட்டத்துக்குக் கூட விரல் போகவில்லை.

"துள்ளல் இருக்கு, இறக்கம் சரியில்லை," என்றார் சிறீதரன் மாமா. "உப்பு மூட்டை விழுந்த மாதிரியெல்லே விழுறான்."

"வயித்துக்குள்ள காலமைப் பிட்டு கிடக்குது. அது இறங்க விடுமே?" என்றார் அப்பா.

இரண்டாவது பையனுக்கு உயரம் இருந்தது, அவசரம் இல்லை. "இவன் துள்ளி முடியிறதுக்குள்ள போட்டி முடிஞ்சிடும்," என்று அப்பா தன் கொப்பியில் எழுதினார். அப்பாவிடம் பத்து வருடக் கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் உயரம், துள்ளல், இறக்கம், குறை என்று நாலு வரி. மாடு வாங்குகிறவன் கூட இவ்வளவு பார்க்கமாட்டான்.

அந்த நேரம் பார்த்து மைதானத்தின் மற்றப் பக்கக் கூடையில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் தனியாகப் பந்து போட வந்தான். பதினொன்று இருபதுக்கு வா என்று நான்தான் சொல்லியிருந்தேன். பதினொன்று இருபதுக்கே வந்தான், ஜெர்மன்காரன் அல்லவா.

அப்பா தேத்தண்ணியை வாய்க்குக் கொண்டுபோன கையோடு நின்றுவிட்டார். தோர்பன் ஓடிவந்து, எழும்பி, பந்தை மேலிருந்து வளையத்துக்குள் குத்தினான்.

"சிறீ," என்றார் அப்பா மெல்ல. "திருநீற்றை எடும்."

இரண்டு பேரும் அவனிடம் போனார்கள். சும்மா ஒரு விளையாட்டு என்று தொழிற்சாலை ஜெர்மனில் விளங்கப்படுத்தி, அவன் விரல்களில் திருநீறு பூசினார்கள். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. ஓடிவந்து துள்ளினான். வெள்ளை, பலகையின் உள் கட்டத்தில் பாதியைத் தாண்டி விழுந்தது. பத்து வருடக் கொப்பியில் யாரும் அந்தக் கட்டத்தின் கீழ்க்கோட்டைத் தாண்டியதில்லை.

அப்பா கொப்பியை விரித்தார். எட்டிப் பார்த்தேன். 'உயரம் ஆறடி ஐந்து. துள்ளல்: கட்டத்தில் பாதிக்கு மேல். இறக்கம்: பூனை. குறை: இல்லை.'

அந்தக் கடைசி வரி பொய். அந்தக் கணுக்கால் குறை அந்த மைதானத்தில் எனக்கும் தோர்பனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"என்ன செய்யிறது, வெள்ளைக்காரனெல்லே. விதியில இடமில்லை," என்று அப்பா பெருமூச்சு விட்டார்.

"பாவம் அப்பா. மருமகனெண்டாலாவது விதியில இடமிருக்கும்," என்றேன் நான், கோப்பைகளைக் கழுவிக்கொண்டே.

சிறீதரன் மாமா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பா என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். "பிள்ளை, கோபிக்கக் கூடாது. பேப்பரில மட்டும். நிச்சயிக்கப்பட்ட மருமகன் எண்டு ஒரு சொல்லு. ஆவணியில போட்டி முடிய அழிச்சிடலாம்."

நான் குதித்தேன். என்னை என்னவென்று நினைத்தீர்கள், என் மானம் என்ன ஆவது, நாளைக்கு யார் என்னைக் கட்டுவான் என்றெல்லாம் கேட்டேன். குசினிக்குள் ஓடி முகத்தை மூடிக்கொண்டேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஒரு வருடம் முன்பே தோர்பனை எங்கள் கறி சாப்பிடப் பழக்கிவிட்டவர்.

"இவ்வளவு காணாது," என்று அம்மா காதுக்குள் சொன்னார். "நாளைக்கும் அழு. இண்டைக்கே ஓமெண்டால் மனுசனுக்குச் சந்தேகம் வரும். இந்தா, வெங்காயம்."

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் குடும்ப மானத்துக்காக இணங்கினேன்.

தோர்பனுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தேன்: அப்பா கேட்டால் உடனே சம்மதிக்காதே, ஒருமுறையாவது மறு. அப்பா அவனிடம் போய், பேப்பரில் மட்டும் என் மகளுக்கு மாப்பிள்ளையாக இருப்பாயா என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவன் சரி என்றான்.

"பாத்தியே," என்று அப்பா என்னிடம் பூரித்தார், "விளையாட்டில பெடியனுக்கு எவ்வளவு விருப்பம்!"

அதன் பிறகு பதினோராம் இலக்கச் சட்டை அவனுக்கு. ஒவ்வொரு ஞாயிறும் போட்டிக்கு முன் யாருக்கும் தெரியாமல் நான் அவனுடைய இடது கணுக்காலைச் சுற்றி ஊதா நிறப் பட்டி ஒட்டி, மேலே நீளக் காலுறையை இழுத்துவிடுவேன். நாலு போட்டியும் வென்றோம். அவன் "வணக்கம் மாமா" என்று சொல்லப் பழகினான். அப்பா அதற்கு உருகிப் போனார். பேப்பர் மருமகனுக்கு வீட்டில் மரக்கறிப் புட்டும் வாழைப்பழமும் கிடைத்தன. எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்பாவுக்கு அவனைப் பிடிக்கிறதா, அவன் துள்ளலைப் பிடிக்கிறதா? துள்ளல் போனால் அவனுடைய மாமாவும் போவாரா? ஆவணி முடிவதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறு என்று தள்ளிப் போட்டேன்.

இறுதிப் போட்டி கொலோனில், ஒரு பாடசாலை மண்டபத்தில். முந்நூறு பேர், உழுந்து வடை மணம், எதிரில் புனித மத்தியாஸ். ஒலிவாங்கியோடு வர்ணனை செய்தவர் மத்தியாஸ்காரரான யோசப் மாமா. அவர் வாயை மூட இந்த உலகத்தில் பூட்டுக் கிடையாது. போட்டி தொடங்க முதலே ஆரம்பித்துவிட்டார்: "பதினோராம் இலக்கம், கதிர்காமநாதன் அண்ணையின்ர நிச்சயிக்கப்பட்ட மருமகன்! கலியாண வீட்டுக்கு எங்களுக்கு மட்டும் இன்னும் காட் வரேல்லை." சனம் சிரித்தது. அப்பா வடையைக் கடித்துக்கொண்டு கேட்காத மாதிரி இருந்தார்.

கடைசிக் கால்பகுதியில் நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். தோர்பன் உயர எழும்பிப் பந்தைப் பறித்தான். இறங்கும்போது இன்னொருவன் பாதத்தின் மேல் இறங்கினான். இடது கால். சத்தம் எனக்குக் கேட்டது.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. அவன் தலை என் மடியில் இருந்தது. அவன் பெயரைக் கூப்பிட்டு ஏதோ ஜெர்மனிலும் தமிழிலும் கத்தினேன். பேப்பரில் நிச்சயித்தவனுக்காக எந்தப் பெண்ணும் அப்படிக் கத்தமாட்டாள். காலுறையைக் கழற்றினேன். ஊதாப் பட்டி. நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார். பட்டியைப் பார்த்தார். அதே நிறப் பட்டிச் சுருள் எட்டிப் பார்க்கும் என் பையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு காலமும் பிள்ளைகளின் காலைப் பார்த்தே எல்லாம் கண்டுபிடித்த மனிதர், அன்றுதான் முதல்முறையாக ஒரு முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும்!" என்று ஒலிவாங்கி முழங்கியது. "கதிர் அண்ணை, கால் போன மருமகனை என்ன செய்யப் போறியள்? வைச்சிருக்கிறியளோ, மாத்துறியளோ?"

மண்டபம் சிரித்தது. அப்பா விறுவிறென்று யோசப் மாமாவிடம் நடந்தார். எல்லாம் பொய், பேப்பர் விளையாட்டு என்று அப்பா ஒரு வசனம் சொன்னால் போதும். கோபத்தில் அவர் எதையும் சொல்லக்கூடியவர். ஏழாம் விதியில் கிண்ணம் போனாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் போட்டு உடைக்கக்கூடியவர். அம்மா எழுந்து நின்று சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா ஒலிவாங்கியைப் பிடுங்கினார். முந்நூறு பேர் இருந்த சபைக்கு நடுவே நின்றார். தொண்டையைச் செருமினார்.

"மத்தியாஸ்காரருக்கு ஒண்டு சொல்லுறன். விளையாட்டுக்காரனைத்தான் மாத்தலாம். பதினொண்டு வெளியில, ஒன்பது உள்ள. மருமகனை மாத்துற பழக்கம் எங்கட வீட்டில இல்லை. மார்கழியில, நத்தாருக்கு முதல் கலியாணம், உமக்குக் காட் வரும், யோசப். வந்து சாப்பிட்டிட்டுப் போம்."

சபை கைதட்டியது. மத்தியாஸ்காரரும் தட்டினார்கள். நான் தோர்பனின் காலைப் பிடித்துக்கொண்டு, வெங்காயம் இல்லாமலே அழுதேன்.

நாலு புள்ளியால் தோற்றோம்.

திரும்பி வரும்போது அப்பா கார் ஓட்டினார். அம்மா முன்னால். பின்னால் தோர்பனின் கால் என் மடியில், ஐஸ் கட்டியோடு. பாதி வழியில் வூப்பெர்த்தால் நகரத்தைத் தாண்டினோம்.

"எத்தினை காலம்?" என்றார் அப்பா, கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"இரண்டு வருசம், அப்பா."

"கணுக்கால்?"

"அதுவும் இரண்டு வருசம்."

அப்பா ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார். "காதலை மறைச்சாய், சரி. வயசுப் பிள்ளையள் மறைக்கிறதுதான். கணுக்காலை மறைச்சியே! குறை இல்லை எண்டு நான் என்ர கையால எழுதினன். பத்து வருசக் கொப்பி! சிறீயின்ர முகத்தில நான் எப்படி முழிக்கிறது?"

அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும்.

"ஏன் சிரிக்கிறீர்? உமக்கும் தெரியுமோ?"

"எனக்கு என்ன தெரியும்," என்றார் அம்மா. "நான் வெங்காயம் வெட்டினனான்."

இன்னும் கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு அப்பா மறுபடி தொடங்கினார். குரல் தணிந்திருந்தது, அதுதான் ஆபத்து. "இனி யோசப் சும்மா இருக்கமாட்டான். அடுத்த வருசம் போட்டிப் பதிவுக்குக் கலியாணப் பத்திரம் கேப்பான். நான் சபையில நத்தார் எண்டு சொல்லிப் போட்டன். நாளைக்குக் காலமை கலியாணப் பதிவுக் கந்தோருக்கு ரெலிபோன் அடிச்சு ஒரு திகதிக்கு ரெர்மின் எடு."

"நாளைக்கோ? அப்பா, என்ர படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் கிடக்குது. சோதினை இருக்குது. இப்ப எப்பிடி..."

"அது திட்டம் போடேக்க யோசிச்சிருக்க வேணும்."

தன் வினை தன்னைச் சுடும் என்று அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

தோர்பன் என் கையை இழுத்து, என்ன சொல்கிறார் என்று ஜெர்மனில் கேட்டான். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறப்பதற்குள் அப்பா தொழிற்சாலை ஜெர்மனில் நேரடியாகவே சொல்லிவிட்டார்: நத்தாருக்கு முன் உனக்குக் கலியாணம், அதற்குள் கால் ஆற வேண்டும்.

நான் அவன் கையை நகம் பதியக் கிள்ளினேன். ஒருமுறையாவது மறு என்று கண்ணால் கெஞ்சினேன்.

"ஓம், மாமா," என்றான் அவன் உடனே, நல்ல தமிழில்.