கெங் ஷோமினின் ஆவிப்பெட்டி

சாஜிங் வட்டாரம் முழுக்க மின் சிகரெட் தொழிற்சாலைகள். அவற்றில் ஒன்றில் கெங் ஷோமின் ஒன்பது வருடமாகத் தரச்சோதனைத் தலைவர். ஒரு லென்ஸ், ஒரு சிவப்புப் பேனா, இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த மாடியையே ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தார். ஈயத்தை உருக்கிச் சால்டரிங் செய்த இடம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் போதும், படிவத்தில் பெருக்கல் குறி விழும். பக்கத்தில், "கை இருக்கிறது, கவனம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒரே ஆள் இரண்டு முறை மாட்டினால் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு மூன்று நாள் பயிற்சி மேசையில் உட்கார வேண்டும். அந்த விதியை எழுதியவரும் அவரே.

அந்த வருடம் இளவேனிலில் டாக்டர் அவரைச் சிகரெட்டை விடச் சொன்னார். புகையை விட்டு மின் சிகரெட்டின் ஆவிக்கு மாறுவது என்று முடிவாயிற்று. ஆனால் சொந்தத் தொழிற்சாலைச் சரக்கை அவர் தொடுவாரா?

"நம்ம சாமானை நான் வாயில வைக்கமாட்டேன். அது எப்படித் தயாராகுதுன்னு எனக்குல்ல தெரியும்" என்று மதியச் சாப்பாட்டில், அதைத் தயாரிக்கிறவர்கள் எதிரிலேயே சொன்னார். "நானே ஒண்ணு செய்யப்போறேன். குமிழைத் திருப்பினா வோல்ட் ஏறணும், இறங்கணும். அந்த மாதிரி."

சொன்னபடியே செய்தார். இரண்டு பேட்டரி, மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன சிப், ஒரு குமிழ், ஒரு பட்டன், திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் காயிலை மாட்ட ஒரு வாய். எல்லாவற்றையும் பச்சைத் தேயிலை டப்பா ஒன்றில் அடைத்தார். அவர் சால்டரிங் இரும்பைக் கடைசியாகக் கையில் பிடித்துப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. பார்க்கத் தெரிந்தவனுக்குச் செய்யத் தெரியாதா என்ன?

திங்கட்கிழமை சாப்பாட்டுக்கூடத்தில் அரங்கேற்றம். மீட்டரை வைத்து அளந்து காட்டினார். ஆறு வோல்ட். தலைகள் ஆடின. பிறகு காயிலை மாட்டி, பட்டனை அழுத்தி இழுத்தார். குளிர்காலத்தில் கொட்டாவி விட்டால்கூட இதைவிட அதிக ஆவி வரும். குமிழை மேலே திருப்பினார், இருந்ததும் போயிற்று. கீழே திருப்பினார், கொட்டாவி திரும்பி வந்தது.

சால்டரிங் வரிசையின் தலைவி பியான் யுன்ஷியா மிளகாய்க் கறியை மென்றபடி கேட்டாள். "அண்ணே, அதுல தேயிலையை முழுசா எடுத்துட்டீங்களா?"

மேசை குலுங்கியது. கெங் டப்பாவை மூடினார். "பேட்டரி போலி. வேற ஒண்ணுமில்ல."

பேட்டரியை மாற்றினார். கொட்டாவி மாறவில்லை. குமிழை மாற்றினார், காயிலை மாற்றினார், காயிலில் ஊற்றும் திரவத்தைக்கூட மாற்றினார். புதினா வாசனையோடு அதே கொட்டாவி. அவர் சந்தேகப்படாத பொருள் அந்த டப்பாவுக்குள் ஒன்றே ஒன்றுதான்: அவர் கை வைத்த இடங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, மின்னணுச் சாமான் விற்கும் ஹுவாச்சியாங்பெய் சந்தைக்குப் போனார். மூன்றாவது மாடியில் பேட்டரி விற்கும் லின் அக்காவின் மேசையில் பழைய ஜோடியை டொக்கென்று வைத்தார்.

"ரெண்டு தடவை போலியைக் குடுத்திருக்கே."

லின் அக்கா பேட்டரிகளைத் தன் கருவியில் போட்டுப் பார்த்தாள். "இது ரெண்டும் மாடு மாதிரி பலமா இருக்கு. எவ்வளவு காட்டுது உங்க பெட்டி?"

"ஆறு."

"காயில் மாட்டி, பட்டனை அழுத்தி அளந்தீங்களா, சும்மா அளந்தீங்களா?"

கெங்குக்கு அந்தக் கேள்வி அவமானமாகப் பட்டது. "ஒன்பது வருஷமா தரச்சோதனையில இருக்கேன்."

"அது சரி. மாட்டி அளந்தீங்களா?"

"நீ இன்னொரு ஜோடி எடு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். வலிய வந்து வாங்குகிறவரைத் தடுக்க அவளுக்கென்ன வேண்டுதலா?

மூன்றாவது ஜோடியும் கொட்டாவிதான். இம்முறை கூடுதலாக டப்பாவின் ஒரு பக்கம் சுட்டது. கெங் பட்டனிலிருந்து விரலை எடுத்து, டப்பாவைக் கைநீளத் தூரத்தில் தள்ளி வைத்தார். யாரிடமாவது காட்டியே ஆகவேண்டும். காட்டக்கூடிய ஆள் அந்த மாடியில் யுன்ஷியா மட்டும்தான். ஆனால் அவளிடம் போய், "எனக்கு வரவில்லை, பார்த்துச் சொல்" என்று கேட்பதைவிட நாற்பது சிகரெட் பிடித்துச் சாவது மேல் என்று இருந்தது அவருக்கு.

அதனால் ஒரு தந்திரம் செய்தார். உள்ளிருந்ததை எல்லாம் டப்பாவிலிருந்து பிரித்து, ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து, "வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரிப் பொருள். கோளாறு கண்டறிக" என்று சீட்டு ஒட்டி, சாப்பாட்டு நேரத்தில் யுன்ஷியாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். டப்பா இல்லை, பெயர் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது?

யுன்ஷியாவுக்குத் தட்டைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சில நாளாகக் கெங்மேல் அடித்துக்கொண்டிருந்த புதினா வாசனை அந்தக் காயிலிலிருந்து இன்னும் போகவில்லை.

 காயிலை மாட்டி, பட்டனை அழுத்திப் பிடித்து அளந்தாள். ஆறு வோல்ட் மூன்றாக விழுந்தது. மீட்டர் முனைகளைச் சிப்பிலிருந்து காயில்வரை ஒவ்வொரு இடமாக நகர்த்திப் பார்த்தாள். போன் சார்ஜரிலிருந்து உருவிய, தலைமுடி போன்ற கம்பி ஒன்றில் ஒரு வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. காயிலை மாட்டும் வாயில் மூன்று இடத்தில் சால்டர் ஒட்டவே இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தது. அங்கே இரண்டு வோல்ட். குமிழின் இரு ஓரக் கம்பிகளும் இடம் மாறியிருந்தன. அவ்வளவுதான் கோளாறு. அரை மணி நேரத்தில் தடித்த கம்பி போட்டு, இடங்களைச் சுரண்டிச் சூடாக்கிப் புதிதாகப் பற்றவைத்து, குமிழையும் நேர் செய்துவிட்டாள்.

பிறகு படிவத்தை எடுத்தாள்.

மறுநாள் காலை அது கெங்கின் மேசைக்கு வந்தது. கூடவே யுன்ஷியாவும் வந்து நின்றாள். படிவத்தில் இருந்தது: "சால்டரிங்: மென்று துப்பியது போல் மூன்று இடம். கம்பி: வேறு பிழைப்புக்குப் பிறந்தது. குமிழ்: தலைகீழ். பொதுக் குறிப்பு: கை இருக்கிறது, கவனம் இல்லை."

கெங் இரண்டு முறை படித்தார். காது மடல் சிவந்தது.

"சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"ஜோரா ஆவி வருது. ஆனா செஞ்சவர் பேர் எழுதற இடம் காலியா இருக்குண்ணே. பேர் இல்லாம சாமானை வெளிய விடக்கூடாது. விதி உங்களுது."

"வேலையை விட்டுப் போயிட்டான்னு எழுது."

"போனவங்க சாமான் வெள்ளிக்கிழமை நொறுக்கற மிஷினுக்குப் போகும். அதுவும் உங்க விதிதான்."

கெங் பேனாவை உருட்டினார். "வாடிக்கையாளர் செஞ்சதுன்னு போடேன்."

"போடலாம். ஒரே தட்டுல அஞ்சு தப்பு. மஞ்சள் தொப்பி உண்டே. வாடிக்கையாளரை எங்கண்ணே கொண்டுவந்து உக்காரவைக்கிறது?"

சன்னலுக்கு வெளியே லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டே கத்தியது. அது நிற்கும்வரை கெங் காத்திருந்தார். பிறகு, ஆயிரக்கணக்கான பேரை மாட்டிவிட்ட அதே சிவப்புப் பேனாவால், காலி இடத்தில் தன் பெயரை எழுதினார். வழக்கமாகப் பெரிதாக எழுதுகிறவர் அன்று எறும்பு ஊர்ந்தது போல் எழுதினார்.

மூன்று நாள் பயிற்சி மேசை. தொப்பி அவர் தலைக்குச் சின்னது; உச்சியில் முளைத்ததுபோல் நின்றது. வரிசையில் இருந்த பெண்களுக்குத் திடீரென்று அடிக்கடி தண்ணீர் தாகம் எடுத்தது. தண்ணீர்க்குழாய் அந்த மேசையைத் தாண்டித்தான் இருந்தது. முதல் நாள் விரலைச் சுட்டுக்கொண்டார். அவர் பற்றவைத்த நாற்பதில் ஏழு தேறின.

"இரும்பை முதல்ல கம்பியில வைங்கண்ணே, சால்டர்ல இல்ல. கம்பி சூடானா அது தானா ஓடிவரும்" என்றாள் யுன்ஷியா.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நல்லது. இன்னொண்ணு வைங்க."

மூன்றாம் நாள் நாற்பதில் முப்பத்தொன்று. யுன்ஷியா பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். கெங் நடைபாதைக்குப் போய்க் குமிழை மேலே திருப்பி இழுத்தார். மூக்கிலும் வாயிலும் மேகமாகக் கொட்டியது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? டிசைன் ஆரம்பத்துலேர்ந்தே சரிதான்."

"டிசைன்ல ஒரு தப்பும் இல்லண்ணே" என்றாள் அவள்.

அடுத்த திங்களன்று அறிவிப்புப் பலகையில் புதுத் தாள் ஒட்டியிருந்தது: "இனி எல்லாப் பொருளையும் காயில் மாட்டி, பட்டனை அழுத்திய நிலையில் மட்டுமே அளக்கவேண்டும். வெறும் கண்ணால் பார்த்துத் தள்ளக்கூடாது. நீண்ட ஆய்வுக்குப் பின் கண்டறிந்தவர்: கெங் ஷோமின்."

பெண்கள் கொதித்தார்கள். ஒருத்தி கிழிக்கவே போய்விட்டாள்.

"விடுங்கடி" என்றாள் யுன்ஷியா. "யார் கண்டுபிடிச்சா நமக்கென்ன? ரெண்டாவது வரியைப் படிச்சீங்களா? இனி கண்ணால பாத்து நம்மைத் தள்ள முடியாது, எல்லாத்தையும் மீட்டர் வச்சு அளக்கணும்."

போன வருடம் மூன்று முறை அவள் கேட்டு, மூன்று முறையும் கெங் தள்ளிவிட்ட ஒரு கோரிக்கை இருந்தது: வரிசைக்கு ஆறு புது மீட்டர். அதை மறுபடி எழுதி எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். கெங் சன்னலைத் திறந்து வைத்து வெளியே ஊதிக்கொண்டிருந்தார். தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"ஆறை எட்டாப் போட்டிருக்கலாம்" என்று திரும்பி வரும்போது சொல்லிக்கொண்டாள் யுன்ஷியா.